யாருடைய கத்தி?

சென்ற தை மாதம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவிலுள்ள ஓர் ஊரில் சரித்திரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. ஊரின் பெயரையும் நடத்திய சங்கத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. நடத்தியவர்கள் கெட்டவர்கள் அல்லர். கைக்காசு போட்டுப் பந்தல் அமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த நல்லவர்கள். நல்லவர்கள் செய்கிற தப்பைக் கண்டிப்பதுதான் கஷ்டம். அதனாலேயே இதை எழுத மூன்று மாதம் தயங்கினேன்.

பந்தலில் பார்க்கத் தகுந்தவை நிறைய இருந்தன. கவலை இறைத்த சால், காளைக்குக் கட்டிய சலங்கை, தறிச் சாமான்கள், பழைய நிலப் பத்திரங்கள், உழும்போது கிடைத்த பாசிமணிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், சிவப்பு வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கத்தி. முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவு. பாம்பு நெளிவதுபோல அலகில் ஏழு வளைவுகள். மரப் பிடியில் குனிந்து உட்கார்ந்த ஓர் உருவம். பிடியின் அடியில் வெள்ளியில் ஒரு சின்னக் கிண்ணம். உறையின் வாய் ஓடத்தைப்போல இருபுறமும் விரிந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பந்தல்காலில் சாய்ந்தபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயசு. மோருக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்திக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. ‘மாமன்னன் ராஜேந்திர சோழன் கி.பி. 1025இல் கடாரம் வென்றபோது கொண்டுவந்த வெற்றிக் கத்தி. கொங்கு எஃகினால் ஆனது. பிடியில் சோழர் புலி’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அதன் கீழே, சின்ன எழுத்தில், ‘ஆதாரம்’ என்று ஒரு வரி. என்ன ஆதாரம் தெரியுமா? கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. நான் எழுதிய நாவல்!

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் சோழர் காலத் தொடர்கதை எழுதினேன். அதில் கடாரத்துக்குப் போகிற ஒற்றன் ஒருவன் வருகிறான். அவன் கையில் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. எப்போதோ ஒரு சினிமாவில் வளைந்து வளைந்து மின்னிய கத்தியைப் பார்த்த ஞாபகம். அதை எடுத்து அவன் இடுப்பில் சொருகிவிட்டேன். ஓவியர் அதைவிட அழகாக வரைந்துவிட்டார். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். கத்தி எந்த ஊருடையது, எந்த நூற்றாண்டுடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கதாசிரியனுக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை கதையின் கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துபோகிறது. கதையைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டினால் அதற்குப் பெயர் வேறு. சங்கத் தலைவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் திகைத்துப் போனார்.

“ஏனுங்க, நீங்களே எழுதிப்போட்டு இப்ப நீங்களே இல்லைங்கறீங்க. சனங்க சந்தோசமாப் பாத்துட்டுப் போறாங்க. அதைக் கெடுக்கோணுமுங்களா?”

பிறகு எழுத்து மூலமாகவும் சொல்லிப் பார்த்தேன். பதிலாகச் சில கடிதங்கள் வந்தன. தமிழனின் வீரத்தைத் தமிழ் எழுத்தாளனே குறைக்கலாமா என்பது அவற்றின் சாரம். நடுநடுவே சில வாதங்களும் இருந்தன. வசவுக்குப் பதில் சொல்வது என் வழக்கமில்லை. வாதங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

முதல் வாதம்: ராஜேந்திரன் கடாரம் வென்றது உண்மை; ஆகவே கடாரத்துக் கத்தி அவனுடையது. முன்பாதியை நான் மறுக்கவில்லை. கடாரம் கொண்டான் என்ற பட்டமும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் சாட்சி. ஆனால் இந்தக் கத்திக்கு ஒரு பெயர் இருக்கிறது, கிரிஸ் என்பார்கள். இன்று நாம் காணும் மெல்லிய, நெளிந்த உருவில் அது ஜாவாவில் மஜபாகித் அரசு ஓங்கியிருந்த 14ஆம் நூற்றாண்டை ஒட்டியே முதிர்ச்சி அடைந்தது. வருஷம் பொறித்த கிரிஸ்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது க்னாட் என்ற டச்சுக்காரருக்கு ஜாவாவின் பாகு ஆலம் அரண்மனையிலிருந்து கிடைத்தது. அதில் ராமாயணக் காட்சிகளைச் செப்புத் தகட்டில் வடித்திருக்கிறார்கள். அதிலுள்ள சக வருஷம் 1264, அதாவது கி.பி. 1342. ராஜேந்திரனின் கப்பல்கள் போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு! நம் கத்தியோ அதற்கும் வெகு காலம் பின்னால் பிறந்தது. மரப் பிடியும் உறையும் உள்ள நிலையைப் பார்த்தால் நூறு, நூற்றைம்பது வருஷத்துப் பொருள் என்று தெரிகிறது. நம் புழுக்கத்திலும் செல்லிலும் ஆயிரம் வருஷம் அப்படியே இருக்கிற மரம் எந்தக் காட்டில் விளைகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். அக்கரையிலிருந்து வந்த பொருள் என்றாலே அது கொள்ளைப் பொருளாகத்தான் இருக்க வேண்டுமா? ராஜேந்திரனின் தகப்பன் காலத்தில், அதே ஸ்ரீவிஜய நாட்டு அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் மானியமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றவை சொல்லும் செய்தி இது. படையெடுப்புக்கு முன்னால் சிநேகம் இருந்தது, வியாபாரம் இருந்தது. நம் அட்டைகள் மட்டும் சண்டையைத் தவிர வேறொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது வாதம்தான் எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது எங்கள் சீமையின் பெருமை. அலகில் நீரோட்டம்போல ரேகைகள் ஓடுகின்றன. அது கொங்கு எஃகின் அடையாளம் என்கிறார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985இலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மண்குகைகளும் கிடைத்திருக்கின்றன. உலகம் பேசும் எஃகு இந்தப் பக்கத்தில் பிறந்தது. அதில் எனக்கும் கர்வம் உண்டு. ஆனால் கர்வம் உள்ளவன் தன் பொருளை அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

நம் எஃகு எப்படிப் பிறந்தது? இரும்புத் துண்டை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் சின்ன மண்குகையில் போட்டு, வாயை மண்ணால் பூசி, உலையில் வைத்து ஊதினார்கள். உள்ளே எல்லாம் உருகி ஒன்றாகிறது. மெதுவாக ஆறும்போது கரிச்சத்து இரும்போடு சேர்ந்து திரள்கிறது. அந்தக் கட்டியை அடித்து அலகாக்கினால் மேலே நுண்ணிய அலை தெரிகிறது. அது உருகி வந்த ரேகை. கிரிஸின் ரேகை அடித்து வந்தது. அதை பாமோர் என்பார்கள். நிக்கல் கலந்த இரும்பையும் சாதாரண இரும்பையும் தகடு தகடாக அடுக்கி, காய்ச்சி, மடித்து, மறுபடி மடித்து அடிக்கிறான் அந்த நாட்டுக் கொல்லன். ஜாவாவில் 18ஆம் நூற்றாண்டில் பிரம்பானன் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள். அலகு முடிந்ததும் எலுமிச்சைச் சாற்றில் பாஷாணம் கலந்து கழுவுவார்கள். வெறும் இரும்பு கறுத்துப் போகும். நிக்கல் இருந்த இடம் வெள்ளியாக நிற்கும். பொருட்காட்சிக் கத்தியில் ஓடிய ரேகைகள் தடித்தவை. தகட்டுக்குத் தகடு பிரிந்து, அலகின் வளைவோடு தாமும் வளைந்து போனவை. அது நம் குகையில் உருகியது அல்ல. இன்னொருவன் சம்மட்டியில் பிறந்தது.

மூன்றாவது வாதம் பிடியைப் பற்றியது. சோழர் புலி என்றார்கள். ஒருவர் அது புலியல்ல, கருடன் என்று திருத்தினார். இன்னொருவர் அண்ணன்மார் கதையில் சின்னவர் சங்கர் ஏந்திய கத்தி இதுதான் என்றே சாதித்தார். அந்தப் பிடியில் இருப்பது மனித உருவம். தலையைக் குனிந்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவனைப்போல ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஜாவா டெமாம்’. காய்ச்சல்கண்ட ஜாவாக்காரன் என்று அர்த்தம். ராஜேந்திரனின் புலிக்கு ஜுரம் கண்டதாகச் சரித்திரம் இல்லை.

கிரிஸ் எந்த ஊருடையது என்று எப்படிச் சொல்வது? ஒரே அங்கத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. பழைய அலகுக்குப் புதிய பிடி போடுவார்கள். ஒரு தீவின் அலகு இன்னொரு தீவின் உறையில் வந்து சேரும். அலகு, பிடி, உறை மூன்றும் ஒரே சாட்சி சொல்ல வேண்டும். பாலித் தீவின் கிரிஸ் பெரியது. அதன் பிடியில் தேவரையும் அரக்கரையும் பொன்னிலும் கல்லிலும் இழைப்பார்கள். மத்திய ஜாவாவின் பிடி மெலிந்தது. உருவம் வெறும் பூவேலையாகச் சுருங்கியிருக்கும். பட்டாணி, கிளந்தான் பக்கத்தில் மூக்கு நீண்ட பிடி ஒன்று உண்டு; மீன்கொத்தி என்பார்கள். தென் பிலிப்பைன்ஸ் கிரிஸ் கத்தி என்பதைவிட வாள் என்று சொல்லத் தகுந்தது; குத்துவதற்கு மட்டுமல்ல, வெட்டுவதற்கும் ஆனது. குளிரில் ஒடுங்கிய உருவமுள்ள பிடியும், வெள்ளிக் கிண்ணமும், ஓடம்போல வாய் விரிந்த உறையும் சேர்ந்து வந்தால் அது மலாய்த் தீபகற்பத்தையும் எதிர்க்கரைச் சுமத்ராவையும் காட்டும். நம் கத்தி அந்த இனம். கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இதன் உறவுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பினாங்கிலுள்ள நண்பருக்குப் படம் அனுப்பினேன். அவரும் இதையே சொன்னார்.

இது நம் நாட்டுப் பொருளல்ல என்பதற்கு அருங்காட்சியகம்கூட வேண்டாம். எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையே போதும். அரிவாளின் பிடிக்குப் பூண் போட்டு இறுக்குவான் நம் கொல்லன். கிரிஸில் ஆணியும் கிடையாது, இறுக்கும் பூணும் கிடையாது. கம்பிபோன்ற மெல்லிய முனையில் துணி சுற்றிப் பிடியை அழுத்திச் செருகியிருக்கும், அவ்வளவுதான். அடிப்பாகத்தில் அலகு ஒரு பக்கம் மட்டும் அகன்று, அங்கே துதிக்கைபோல ஒரு கொக்கி சுருண்டிருக்கும். பெட்டியைத் திறந்து காட்டினால் எந்த ஆசாரியும் ‘இது நம்ம வேலை இல்லீங்க’ என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கேட்கத்தான் ஆளில்லை.

‘இருக்கட்டும், அந்தக் கலையே நம்மிடமிருந்து போனதுதானே? பாரதமும் ராமாயணமும் போகவில்லையா?’ என்று ஒருவர் மடக்கியிருந்தார். போயின. ஜாவாவில் லாவு மலைச் சரிவில் சுக்கு என்ற 15ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சிற்பத்தில் பீமன் என்று கருதப்படுகிறவன் ஆயுதம் அடிக்கிறான். நடுவில் பிள்ளையார் ஆடுகிறார். அர்ஜுனன் துருத்தி போடுகிறான். ஆனால் அந்தத் துருத்தியைப் பாருங்கள். நம் கொல்லன் ஊதுகிற தோல் துருத்தியல்ல. நிமிர்ந்த இரண்டு குழாய்களில் தண்டுகளை மாற்றி மாற்றி இறக்கிக் காற்றடிக்கிற அந்நாட்டுத் துருத்தி. நம் பாரதத்தில் பீமன் விராடன் வீட்டில் சமையல்காரனாக இருந்தானே தவிர, உலைக்களத்தில் நிற்கவில்லை. பெயர் நம்மிடமிருந்து போயிருக்கிறது. தொழிலும் கையும் அவர்களுடையவை. கதை கொடுத்தவன் கத்திக்கும் சொந்தம் கொண்டாடுவது என்ன நியாயம்?

இதுவரை சொன்னதெல்லாம் கத்தி சொன்ன சாட்சி. இனி மனித சாட்சி.

பந்தலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மோருக்காக வரவில்லை. கத்தி அவர் வீட்டுடையது. பேரன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். களவு போய்விடுமோ என்று காலையிலிருந்து பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. இந்தக் கத்தி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ராசா குடுத்ததுன்னு பேசிக்கறாங்களாமுங். எங்கய்யன் ராசாவைக் கண்டாரோ என்னமோ, எனக்குத் தெரியாதுங் சாமி. அவரு கித்தாக்காட்டுல பால் வெட்டிட்டு இருந்தவரு. சுங்கைப் பட்டாணின்னு ஊராமுங். சப்பான்காரன் போனதுக்கு அப்பறம் கப்பலேறி வந்தாரு. தகரப் பொட்டியில துணிக்கு அடியில இது இருந்துச்சாம். நான் அதுக்குப் பின்னாடி பொறந்தவ. அவரு சொல்லக் கேட்டதுதானுங்.”

“இதை யாரு குடுத்தாங்களாம், ஆத்தா?”

“துணி கெடைக்காத காலமாமுங் அது. சாக்கைக் கட்டிட்டுத் திரிஞ்சாங்களாமா. எங்கய்யன்கிட்ட ஊர்ல இருந்து கொண்டுபோன வேட்டி ரெண்டு மடிப்புக் கலையாம இருந்துச்சாம். அடுத்தாப்பல ஒரு மலாய்க்காரரு ஊட்ல கண்ணாலம். வேட்டியை இவரு குடுத்தாரு. இதை அவரு குடுத்தாரு. ‘வித்துப் போடாதே’ன்னு சொல்லிக் குடுத்தாராம். கஞ்சிக்கு இல்லாதப்பக்கூட எங்கய்யன் இதை விக்கலீங்.”

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அரிவாள், களைக்கொத்தோடு இதையும் வைத்துப் பொட்டிடுவார்களாம். பளபளக்க வேண்டுமென்று புளி போட்டுத் தேய்ப்பாராம். அலகின் கறுப்பு ஏன் வெளிறிப் போயிருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய தகப்பனாருக்கு மலேயாவிலிருந்து வந்த பிறகும் வருஷம் தவறாமல் குளிர்காய்ச்சல் வருமாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் குறுகி உட்கார்ந்திருப்பாராம். பிடியிலுள்ள உருவத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயரை நான் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சிரித்தார்.

“எங்கய்யனாட்டவேதான் இருக்குது.”

கிழவி சொன்னது நிரூபணமா என்று கேட்பீர்கள். அது கேட்டுச் சொன்ன சாட்சியம், நிரூபணமல்ல. ஆனால் கத்தி எந்தக் கரையைச் சொல்கிறதோ அதே கரையை அவரும் சொல்கிறார். கத்தியைப் பற்றிய சாஸ்திரம் ஒன்றும் அறியாதவர்; பொய் சொல்லி அடையும் லாபமும் இல்லாதவர். ஜப்பானியர் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை மலேயாவில் துணிப் பஞ்சம் கொடுமையாக இருந்தது உண்மை. தமிழ்நாட்டுத் துணியை அக்கரைக்குக் கொண்டுபோய் அந்நாட்டுப் பொருளை வாங்கி வருவது பல நூற்றாண்டு வியாபாரம். அந்த வியாபாரத்தின் மிகச் சின்ன அத்தியாயம், இரண்டு வேட்டிக்கு ஒரு கிரிஸ்.

இப்போது சங்கத் தலைவரின் கேள்விக்கு வருகிறேன். ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள், அதைக் கெடுப்பானேன்? அட்டையைப் படித்துப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தினால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் இரண்டு பேருக்கு. ஒருவர், வித்துப் போடாதே என்று சொல்லிக் கொடுத்த அந்த மலாய்க்காரர். கிரிஸ் அவர்களுக்கு வெறும் ஆயுதமல்ல. தகப்பன் மகனுக்குக் கொடுக்கிற குலச்சொத்து. வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டத் துணியில்லாமல் அதைக் கொடுத்தவரின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? அதை வெற்றிக் கத்தி என்று எழுதுகிறவன், நம்பிக் கொடுத்தவரைத் தோற்றவராக்குகிறான். இன்னொருவர், அந்த அம்மாளின் தகப்பனார். ராஜேந்திரனுக்கு நாம் இல்லாவிட்டாலும் கல்வெட்டு இருக்கிறது, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்தத் தொழிலாளி உலகத்தில் இருந்ததற்கு இந்தக் கத்தியைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. எல்லாம் உள்ள ராஜாவுக்கு, ஒன்றுமில்லாதவனின் ஒரே பொருளையும் பிடுங்கிக் கொடுத்திருக்கிறோம்.

உண்மையிலேயே ஒரு தலைவனுடைய கிரிஸைத் தேடிய நாடு என்ன செய்தது என்று பாருங்கள். 1825 முதல் 1830 வரை ஜாவாவில் டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டவர் இளவரசர் திபோநெகோரோ. பேச்சுக்கு என்று அழைத்து அவரைக் கைது செய்தார்கள். அவருடைய கிரிஸ் 1831இல் ஹாலந்து அரசர் முதலாம் வில்லெமுக்குக் காணிக்கையாகப் போயிற்று. அரச சேகரத்திலிருந்து அது லெய்டன் அருங்காட்சியகத்துக்கு மாறியது. மாறுகிற வழியில், எது அவருடையது என்பது தொலைந்துபோயிற்று. பல வருஷம் தேடினார்கள். அவருடைய தளபதி செந்தோட் கொடுத்த வாக்குமூலம், காணிக்கை சம்பந்தமான கடிதங்கள், ஓவியர் ராதென் சாலே எழுதிய குறிப்பு, அலகில் பொன் பூசிய நாகம், எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரு நாட்டு அறிஞர்களும் சோதித்த பிறகே இதுதான் என்றார்கள். 2020 மார்ச்சில் அது இந்தோனேஷியாவுக்குத் திரும்பியது. அப்போதும், கத்தியின் பெயருக்கும் அதன் உருவத்துக்கும் பொருத்தம் உண்டா என்று அந்நாட்டிலேயே கிரிஸ் அறிந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அவர்களை யாரும் தேசத் துரோகி என்று சொல்லவில்லை. தங்கள் வீரனிடம் மதிப்புள்ளவர்கள், ஏதோ ஒரு கத்தியை அவன் தலையில் கட்டமாட்டார்கள். நாம் ராஜேந்திரனிடம் வைத்திருக்கும் மதிப்பு, ஒரு தொடர்கதையை ஆதாரமாகக் காட்டுகிற அளவுதான்!

கடைசியாக, கடிதம் எழுதிய ஒருவரும் வெளியே சொல்லாத வாதம் ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றுக்கும் அடிவேர். வெட்கம். ராஜேந்திரன் காலத்துச் சோழர்களுக்குத் துறைமுகமாக இருந்த அதே நாகப்பட்டினத்திலிருந்து, பல நூற்றாண்டு கழித்து, நம் ஜனங்கள் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926இலிருந்து ‘ரஜூலா’ என்ற கப்பல் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியது! மழை பொய்த்த காட்டை விட்டு, கங்காணி பேச்சை நம்பிப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் சொந்தக் கிணறும் பயிருமுள்ள பூமி. அங்கே தோட்டம் என்றால் அடுத்தவனுடைய ரப்பர்க் காடு. உதவிப் பணம் கொடுத்துக் கூலிகளை அனுப்புவதை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்துகிறவரை இது நடந்தது. பிறகு யுத்தம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு அந்தத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அந்தச் சுங்கைப் பட்டாணியிலிருந்து உயிரோடு திரும்பி, காய்ச்சலோடும் ஒரு கத்தியோடும் ஊர் வந்து சேர்ந்தது சின்னக் காரியமா? ராஜா கப்பலில் போனதைச் சொல்ல நமக்கு மேடை இருக்கிறது. நம் தாத்தன் கப்பலில் போனதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். கடாரம் என்று நாம் சொல்வது இன்றைய கெடா மாநிலத்தை. சுங்கைப் பட்டாணி இருப்பது கெடாவில்தான். பழைய கடாரத்தின் இடிபாடுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கும் அதற்கு வெகு தூரமில்லை. ஆக, அட்டையில் ஒரு சொல் சரி. கத்தி கடாரத்திலிருந்துதான் வந்தது.

அடுத்த பதிப்பில் என் நாவலிலிருந்து அந்தக் கத்தியை எடுத்துவிடப் போகிறேன். ஒற்றன் வெறுங்கையோடு போகட்டும், கெட்டிக்காரனாயிருந்தால் பிழைத்துக்கொள்வான். சங்கத்துக்குப் புதிய அட்டை ஒன்றும் எழுதிக் கொடுத்தேன். ‘கடாரத்துக் கிரிஸ். மலாய்க் கொல்லரின் வேலைப்பாடு. கொண்டுவந்தவர் இவ்வூர்க்காரர், சுங்கைப் பட்டாணியில் ரப்பர்த் தோட்டக் கூலியாக இருந்தவர். ஜப்பான் யுத்தகாலத்தில் இரண்டு வேட்டிக்கு மாற்றாகப் பெற்றார். விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடைசிவரை விற்கவில்லை.’ கீழே அவருடைய பெயரை எழுத இடம் விட்டிருந்தேன். ஆதாரம் என்ற இடத்தில், அவர் மகள் சொன்னது என்று குறித்தேன்.

தலைவர் இரண்டு தரம் படித்தார். நல்ல மனுஷர், கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எல்லாஞ் சரிங்க. கூலின்னு போட்டே ஆகோணுமுங்களா?”

போட்டே ஆக வேண்டும்.